வாக்கும் எதிர்வாக்கும்: முந்துவது எது?

இருவர் ஒருவருக்கொருவர் வாக்களித்து ஒப்பந்தம் செய்துகொள்கின்றனர். அதன்பின் தன் வாக்கை முதலில் நிறைவேற்ற வேண்டியவர் யார்? சட்டம் பயில்வோர்க்கு இது தேர்வுத்தாளில் வரும் ஒரு சிறு வினா. ஆனால் கோல சிலாங்கூரிலும் வட சிலாங்கூரின் மற்றத் தோட்டங்களிலும் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்த குடும்பங்களுக்கு இது வாழ்வையே தீர்மானிக்கும் வினா. தோட்டம் கைமாறும்போதும் செம்பனைக் காடு நகரமாகும்போதும் அங்கே எழும் வழக்கு பெரும்பாலும் இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிடும். "முதலில் வீட்டைக் காலி செய்யுங்கள், பிறகு வீடு தருகிறோம்" என்பது ஒரு தரப்பு. "முதலில் வீட்டைக் கொடுங்கள், மறுநாளே காலி செய்கிறோம்" என்பது மறு தரப்பு.

கூர்ந்து நோக்கின் இரு தரப்பாரும் ஒப்புக்கொண்ட பொருள்கள் ஒன்றே. ஒருவர் வீடு தரவேண்டும். மற்றவர் நிலத்தை விட்டுச் செல்லவேண்டும். பொருளைப் பற்றிய சண்டை அங்கே இல்லை. வரிசையைப் பற்றிய சண்டையே உண்டு. அவ்வரிசையைப் பற்றிச் சட்டம் சொல்வது யாது, சொல்லாமல் விட்டது யாது, சொன்னதையும் யாருக்காகப் பயன்படுத்தியது என்பன ஆராய்தற்குரியன.

சட்டத்தின் சொல்

மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் 52 முதல் 56 வரையுள்ள பிரிவுகள் எதிரெதிர் வாக்குறுதிகளைப் பற்றியவை. இவை 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 51 முதல் 55 வரையுள்ள பிரிவுகளின் மறு பிறப்பே ஆகும். சிலாங்கூர் உள்ளிட்ட கூட்டு மலாய் மாநிலங்களில் 1899இலேயே இந்தியச் சட்டத்தைப் பின்பற்றி ஒப்பந்தச் சட்டம் இயற்றப்பட்டது. ஆகவே சென்னையில் வாதாடும் வழக்கறிஞரும் கோலாலம்பூரில் வாதாடும் வழக்கறிஞரும் இத்துறையில் ஒரே பாடத்தைப் படித்தவர்களே.

அப்பாடத்தின் சாரம் மூன்று விதிகளில் அடங்கும். முதலாவது: இரு வாக்குகளும் ஒரே வேளையில் நிறைவேற வேண்டியவையாயின், ஒருவர் ஆயத்தமாக இல்லாதபோது மற்றவர் தம் வாக்கை நிறைவேற்ற வேண்டியதில்லை. சரக்கைக் கொடுக்கும்போதே விலையைக் கொடுப்பது என்று பேசியிருந்தால், விலையின்றிச் சரக்கு இல்லை. சரக்கின்றி விலையும் இல்லை. 'கையிலே காசு, வாயிலே தோசை' என்று நம் மக்கள் சொல்வதும் இதுவே.

இரண்டாவது: ஒப்பந்தத்தில் வரிசை வெளிப்படையாகக் குறிக்கப்பட்டிருந்தால் அவ்வரிசைப்படியே செய்தல் வேண்டும், குறிக்கப்படவில்லையெனின், அப்பரிமாற்றத்தின் இயல்பு எந்த வரிசையை வேண்டுகிறதோ அதன்படி செய்தல் வேண்டும். மூன்றாவது: முந்திச் செய்ய வேண்டியவர் செய்யத் தவறினால் அவர் மற்றவரிடம் எதையும் கேட்க முடியாது, அவரால் மற்றவர்க்கு நேர்ந்த நட்டத்தையும் ஈடு செய்தல் வேண்டும்.

இரண்டாம் விதிக்குச் சட்டம் இரண்டு எடுத்துக்காட்டுகளைத் தருகிறது. ஒருவர் மற்றவர்க்குக் குறித்த விலைக்கு வீடு கட்டித் தருவதாக ஒப்புகிறார். இங்கே வீடு கட்டுவது முதல்; பணம் கொடுப்பது பிறகு. இன்னொருவர் தம் கடைச்சரக்கு முழுவதையும் குறித்த விலைக்கு ஒப்படைப்பதாகச் சொல்கிறார்; வாங்குபவர் அவ்விலைக்குப் பிணை தருவதாகச் சொல்கிறார். இங்கே பிணை வரும்வரை சரக்கை ஒப்படைக்க வேண்டியதில்லை. சரக்கைக் கைவிடுமுன் பிணை கைக்கு வரவேண்டும் என்பது அப்பரிமாற்றத்தின் இயல்பு என்று சட்டமே காரணம் கூறுகிறது.

இவ்விரண்டாம் எடுத்துக்காட்டே இவ்விதியின் உயிர்நிலை. முதல் எடுத்துக்காட்டு வழக்கத்தைச் சொல்கிறது. இரண்டாவது காரணத்தைச் சொல்கிறது. கைவிட்டால் திரும்பப் பெற முடியாத பொருளைக் கைவிடுபவன் வெறுங்கையோடு நிற்கக்கூடாது என்பதே அக்காரணம்.

பசுவும் பட்டும் கப்பலும்

இக்காரணம் ஒரே நாளில் கண்டுபிடிக்கப்பட்டதன்று. இங்கிலாந்தில் 1615இல் நிக்கல்ஸ் என்பவர் ரெயின்பிரெட் என்பவர்க்கு ஒரு பசுவைத் தருவதாகவும், அவர் 50 ஷில்லிங் தருவதாகவும் ஒப்பந்தம். பசுவைக் கொடுத்ததாகச் சொல்லாமலேயே நிக்கல்ஸ் பணத்திற்கு வழக்குத் தொடுத்தார். வாக்குக்கு வாக்கே விலை. ஆகவே பசுவைக் கொடுத்தாரா என்று பார்க்க வேண்டியதில்லை என்று நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. பசு கிடைக்காதவர் தனி வழக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்! ஒவ்வொரு வாக்கும் தனித்தனித் தீவு என்பது அக்காலக் கொள்கை.

1773இல் மேன்ஸ்பீல்ட் பிரபு இதை மாற்றினார். பட்டு வணிகர் ஒருவர், தம்மிடம் ஒன்றேகால் ஆண்டு பணிபுரிந்தவர்க்குத் தம் வணிகத்தையும் சரக்கையும் ஒப்படைப்பதாகச் சொல்லியிருந்தார். பெறுபவர் தக்க பிணை தருவதாகச் சொல்லியிருந்தார். பிணை தராமலேயே அவர் வணிகத்தைக் கேட்டு வழக்கிட்டார். கிங்ஸ்டன் எதிர் பிரெஸ்டன் என்னும் அவ்வழக்கில் மேன்ஸ்பீல்ட் பிரபு வாக்குகளை மூவகையாகப் பிரித்தார்: தனித்து நிற்பவை, ஒன்றை முந்தி ஒன்று நிறைவேற வேண்டியவை, ஒரே வேளையில் நிறைவேற வேண்டியவை. எது எவ்வகை என்பதைச் சொற்களின் வைப்பு முறையால் அன்று, கொடுப்போர் கொள்வோர் கருத்தால் அறிக என்றார். பிணை இன்றி வணிகரின் செல்வம் முழுவதையும் ஒப்படைக்கச் சொல்வது அநீதி என்பது அத்தீர்ப்பின் பொருள். இந்தியச் சட்டத்தின் கடைச்சரக்கு எடுத்துக்காட்டில் அந்தப் பட்டு வணிகரின் சாயலைக் காணலாம்.

ஆனால் இருபத்திரண்டே ஆண்டுகளில், 1795இல், அதே நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பைத் தந்தது. கட்டர் என்னும் கப்பற்பணியாளர் ஜமைக்காவிலிருந்து லிவர்பூலுக்குச் செல்லும் கப்பலில் வேலைக்கு அமர்ந்தார். லிவர்பூல் வரை பணியில் இருந்து கடமையைச் செய்தால், கப்பல் அங்கே சேர்ந்த பத்து நாளில் 30 கினி என்று சீட்டு எழுதப்பட்டது. கப்பல் புறப்பட்டு ஏழு வாரம் வேலை செய்தபின் அவர் கடலிலேயே இறந்தார். அவர் மனைவி செய்த வேலைக்குரிய கூலியையாவது கேட்டார். முழுப் பயணமும் முடிவது முந்த வேண்டிய வாக்கு, அது முடியவில்லை, ஆகவே ஒன்றும் இல்லை என்று தீர்ப்பாயிற்று.

இவ்விரு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். பட்டு வணிகர் முந்தும் நிலை வந்தபோது, அவர்க்குப் பிணை வேண்டும் என்று சட்டம் கண்டது. தொழிலாளி முந்தும் நிலை வந்தபோது, அவர் எழுதிக்கொடுத்த சீட்டை மட்டுமே சட்டம் கண்டது. சரக்கைக் கொடுத்தால் திரும்பாது; உழைப்பைக் கொடுத்தாலும் திரும்பாதே? இவ்வினா தோட்டத்து வரலாறு முழுவதிலும் பின்தொடர்ந்து வருகிறது.

முன்பணம் கொடுத்தவனுக்குக் கிடைத்த பிணை

மலாயாத் தோட்டங்களுக்குத் தமிழர் வந்த வரலாற்றில் முதலில் முந்தியவர் முதலாளியே. கப்பற்கூலியும் முன்பணமும் அவர் கொடுத்தார். தொழிலாளி உழைத்துத் தீர்க்கவேண்டும். சட்டத்தின் மொழியில் சொன்னால், முதலாளி தம் வாக்கை முதலில் நிறைவேற்றிவிட்டு, எதிர்வாக்கிற்காகக் காத்திருந்தார். முந்திக் கொடுத்தவர்க்குப் பிணை வேண்டுமல்லவா? அப்பிணையைச் சட்டம் தாராளமாகவே கொடுத்தது.

இந்தியாவில் 1859இல் இயற்றப்பட்ட தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டத்தின்படி, முன்பணம் பெற்ற கூலியாள் வேலைக்கு வராவிட்டால், பணத்தைத் திருப்பித் தரவோ வேலையைச் செய்யவோ நீதிபதி ஆணையிடலாம், மீறினால் சிறை. 1925இல் இயற்றிய சட்டத்தால்தான் அது நீக்கப்பட்டது. மலாயாவிலும் ஒப்பந்தக் கூலி முறை இருந்த காலத்தில் வேலையை விட்டு ஓடுவது குற்றமாகவே எண்ணப்பட்டது. அதாவது முன்பணத்திற்குப் பிணை தொழிலாளியின் உடல். உரிமையியல் வழக்காக இருக்க வேண்டியது குற்றவியல் வழக்காயிற்று.

1910இல் மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. கங்காணி முறை மேலோங்கியது; அதுவும் 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடுத்தவுடன் முடிந்தது. காலப்போக்கில் வரிசை தலைகீழாயிற்று. இப்போது தொழிலாளி முந்தினார். காலையில் பிரட்டுக்கு நின்று, பால் வெட்டி, மாதம் முழுவதும் உழைத்தபின் கூலி பெற்றார். இங்கே சட்டம் ஓரளவு கண் திறந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் கூலிக்காலம் முடிந்த ஏழு நாட்களுக்குள் கூலி கொடுக்கவேண்டும் என்கிறது. வேலை செய்த இடம் நீதிமன்ற ஆணையால் விற்கப்படுமானால், நான்கு மாதக் கூலி வரை, ஈடு பிடித்த கடன்காரர்க்கும் முன்னதாகத் தொழிலாளிக்குச் சேரவேண்டும் என்றும் அது விதிக்கிறது. முந்தி உழைத்தவர்க்கு இது பிணை. கட்டரின் மனைவிக்குக் கிடைக்காதது இங்கே கிடைத்தது.

கூலிக்கு வந்த நீதி வீட்டுக்கு வந்ததா என்பதே எஞ்சிய வினா.

வேலையோடு கட்டிய வீடு

தோட்டத்து வீடு தொழிலாளியின் சொத்தன்று. வேலையோடு கட்டப்பட்ட வசதி. வேலை போனால் வீடும் போகும். வீட்டின் தரம், தண்ணீர், கழிவுநீர் வசதி ஆகியவற்றை 1966ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் இடத்தில் வந்த 1990ஆம் ஆண்டுச் சட்டமும் கவனித்தன. ஆனால் அவை வேலை இருக்கும்வரைக்குமான சட்டங்கள். வேலை முடிந்த மறுநாள் அக்குடும்பம் எங்கே படுக்கும் என்பது அவற்றின் பொருளன்று.

ஆட்குறைப்பு நலன்களைப் பற்றிய 1980ஆம் ஆண்டு விதிகள் தொழிலாளிக்கு இழப்பீடு தருகின்றன. ஈராண்டுக்குக் குறைந்த பணிக்கு ஆண்டுக்குப் பத்து நாட்கூலி. ஈராண்டு முதல் ஐந்தாண்டுக்குட்பட்ட பணிக்குப் பதினைந்து நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் இருபது நாள். முப்பது ஆண்டு பால் வெட்டியவர்க்கு 600 நாட்கூலி வரும். அது வேலை இழப்புக்கு விலை. வீட்டு இழப்புக்கு விலையன்று. அத்தொகையும் வேலை முடிந்த ஏழு நாட்களுக்குள் கொடுபடவேண்டும் என்று நாளோடு விதிக்கப்பட்டிருக்கிறது. வீட்டைப் பற்றிய வாக்குக்கு மட்டும் நாளும் இல்லை, விதியும் இல்லை.

கோல சிலாங்கூர் வட்டாரத்துக்கு இவ்வினா பழையது. 1917இல் பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமாரான் தோட்டத்தில் ஹென்றி போக்கோனியே செம்பனை நட்டார். இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் அதுவே. பெயரே தமிழ் மணக்கும் அத்தோட்டத்தைப் போன்ற பல தோட்டங்களைத் தமிழர் உழைப்பு வளர்த்தது. 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது முதற் சோதனை வந்தது. 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை உங்கு அஜிஸ் விரிவாக ஆராய்ந்து அறிக்கை எழுதினார். அத்துன்பத்திற்கு ஒரு மாற்றாகத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளரின் சிறு பங்குப் பணத்தைச் சேர்த்துக் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் முதலாவதாக வாங்கப்பட்டது. உடையவனும் உழைப்பவனும் ஒருவனேயாகிவிட்டால், யார் முந்துவது என்ற வழக்குக்கே இடமில்லை. ஆனால் எல்லாத் தோட்டத்தையும் அவ்வாறு வாங்க இயலவில்லை. ஆகவே வழக்கு தொடர்ந்தது.

உடைமையாளரின் வாதம்

எதிர்த்தரப்பின் வாதத்தை முழு வலிமையோடு எடுத்துக்கொள்வதே முறை. அது இருவகைப்படும்.

ஒன்று: வீடு வேலைக்காகக் கொடுக்கப்பட்டது; வேலை முடிந்தபின் காலி செய்வது தொழிலாளியின் கடமை; ஏற்கெனவே உள்ள கடமையைச் செய்வதாகச் சொல்வது மறுபயன் ஆகாது; ஆகவே புதுவீட்டு வாக்கு வெறும் அன்பளிப்பு; அதை நீதிமன்றத்தில் வற்புறுத்த முடியாது. கேட்பதற்கு இது வலுவான வாதம். ஆயினும் இந்திய வழியில் வந்த ஒப்பந்தச் சட்டம் மறுபயனை அகலமாகவே வரையறுத்திருக்கிறது. வாக்களிப்பவரின் விருப்பப்படி ஒருவர் ஒன்றைச் செய்தாலும், ஒன்றைச் செய்யாது விட்டாலும், அதுவே மறுபயன். நீதிமன்றம் ஏறாமல், நாள் கடத்தாமல், குடும்பங்கள் தாமே ஒதுங்குவது உடைமையாளர்க்கு உண்மையான ஆதாயம். நேர்மையாகக் கொண்டிருந்த ஓர் உரிமைக் கோரிக்கையைக் கைவிடுவதும் விலையுள்ள பொருளே. அந்த ஆதாயம் இல்லையெனின் அவர் வீடு தருவதாகச் சொல்லியே இருக்கமாட்டார்.

இரண்டு: வீட்டை முதலில் கட்டிக் கொடுத்தபின் சிலர் பழைய வீட்டையும் விடாமல் இருந்தால் என்ன செய்வது? நிலம் முடங்கும், வட்டி ஏறும், திட்டம் நிற்கும். இவ்வச்சம் பொய்யன்று. முந்துபவர்க்கு ஆபத்து உண்டு என்பது தொழிலாளிக்கு உண்மையானால் உடைமையாளர்க்கும் உண்மையே.

ஆனால் இரு ஆபத்துகளும் ஒரே எடையுடையன அல்ல. உடைமையாளர் முந்தி ஏமாந்தால், அவர்க்கு நிலத்தின் பட்டா இருக்கிறது; வெளியேற்ற ஆணை கேட்க நீதிமன்றம் இருக்கிறது; வழக்கறிஞர் வைக்கப் பொருள் இருக்கிறது. அவர் இழப்பது காலம். தொழிலாளி முந்தி ஏமாந்தால், அவர் இருந்த வீடு இடிந்து மண்ணாகிவிடும். கோயிலும் பள்ளியும் அண்டை அயலும் சிதறிவிடும். வழக்கில் வென்றாலும் அவர் பெறுவது பணம். இழந்த இடம் திரும்பாது. எனவே சட்டத்தின் இரண்டாம் எடுத்துக்காட்டை இங்கே பொருத்தினால், கடைச்சரக்கைக் கைவிடும் வணிகரின் இடத்தில் நிற்பவர் தொழிலாளியே. பிணை பெறும் உரிமை அவர்க்கே உரியது.

சட்டத்தின் குறை எங்கே?

அப்படியாயின் சட்டம் போதுமே, குறை என்ன என்று கேட்கலாம். பரிமாற்றத்தின் இயல்பு வரிசையைத் தீர்மானிக்கும் என்பது நல்ல விதி. இந்திய உச்ச நீதிமன்றம் நாதுலால் எதிர் பூல்சந்த் என்னும் வழக்கில் அதை அழகாகப் பயன்படுத்தியது. பஞ்சாலை ஒன்றை விற்றவர், நிலப்பதிவில் இருந்த தம் உடன்பிறந்தார் பெயரை நீக்கித் தருவதாக ஒப்பியிருந்தார். அதைச் செய்யாமல், மீதிப் பணம் வரவில்லை என்று விற்பனையை ரத்துச் செய்யப் பார்த்தார். பெயர் நீக்குவதே முந்த வேண்டியது. அது முடியும்வரை வாங்குபவர் பணம் கொடுக்காதது தவறாகாது என்று நீதிமன்றம் தீர்த்தது. இவ்வறிவு தோட்டத்து வழக்குக்கும் முற்றிலும் பொருந்தும்.

குறை விதியின் முதற் பாதியில் இருக்கிறது. வரிசை வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தால், இயல்பைப் பற்றிப் பேச இடமே இல்லை. எழுதுபவர் யார்? ஒப்பந்தத் தாள் நிறுவனத்தின் வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து வருகிறது. பெரும்பாலும் தமிழில் இராது. கையொப்பமிடுவோர் அதைப் பிறர் சொல்லக் கேட்டே அறிவர். 'காலி செய்த பின்னர்' என்ற மூன்றே சொற்கள் அத்தாளில் நுழைந்தால் போதும். மேன்ஸ்பீல்ட் பிரபு தேடிய கருத்தும் நீதியும் வாசலிலேயே நின்றுவிடும். சொற்களின் வைப்பு முறையைப் பார்க்காதே என்று 1773இல் சொன்னவரின் கொள்கை, எழுதிய வரிசையே வரிசை என்ற விதிக்குள் நுழைந்து மெலிந்துவிட்டது.

மற்றொரு குறை காலத்தைப் பற்றியது. நாள் குறிக்காத வாக்கைத் தக்க காலத்திற்குள் நிறைவேற்ற வேண்டும் என்கிறது 47ஆம் பிரிவு. தக்க காலம் எது என்பதை வழக்கின் நிலைமைகளைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டுமாம். வாடகைக்கு வீடு தேடும் குடும்பத்திற்குத் தக்க காலம் ஒரு மாதம். நில மாற்ற அனுமதி தேடும் நிறுவனத்திற்குத் தக்க காலம் பத்தாண்டு. ஒரே சொல்லுக்கு இரு அளவுகோல்!

இவ்வட்டாரம் கண்ட பாடம் இதற்குச் சான்று. மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மிஞ்ஞாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் குடும்பங்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தன. பலர் பழைய வீடுகளிலேயே தங்கியிருந்து கேட்டுக்கொண்டே இருந்தனர். 2023இல் அரசு அவர்களுக்கென 245 வீடுகள் கொண்ட திட்டத்தை அறிவித்தது. தென் சிலாங்கூரிலோ, புத்ராஜெயா நகருக்காக இடம்பெயர்ந்த நான்கு தோட்டங்களின் மக்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு முதலில் சென்றுவிட்டனர். கட்டடத்தின் பழுதுகளைச் சொல்லியும் தனி வீடு கேட்டும் நெடுங்காலம் முறையிட்டனர். இரண்டிலும் வேதனை உண்டு. ஆனால் இடத்தை விட்டு அகலாதவர் கையில் ஏதோ ஒரு பிடி இருந்தது. அகன்றவர் கையில் மனு மட்டுமே இருந்தது. சட்டம் கொடுக்காத பிணையைக் குடியிருப்பே கொடுத்தது என்பது இதன் பொருள். இடிந்த கூரையின் கீழ் உட்கார்ந்துதான் ஒருவர் தம் உரிமையைக் காக்கவேண்டும் என்றால், அது சட்டத்துக்குப் பெருமை தருவதன்று.

வீடு வாங்குவோர்க்கு உள்ளது தோட்டத்தார்க்கு ஏன் இல்லை?

இதற்கு வழி காண முடியாது என்று சொல்வதற்கில்லை. நகரத்தில் வீடு வாங்குவோர்க்குச் சட்டம் வழி கண்டிருக்கிறது. வீடு கட்டுவது முதல், பணம் பிறகு என்பது ஒப்பந்தச் சட்டத்தின் எடுத்துக்காட்டு. ஆனால் வீட்டு மேம்பாட்டாளர்கள் வீடு கட்டுமுன்பே பணம் கேட்டனர். வரிசை தலைகீழானதைக் கண்ட அரசு, 1966ஆம் ஆண்டு வீட்டு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ், ஒப்பந்தத்தின் வாசகத்தையே அட்டவணையாக வகுத்தது. அடித்தளம் முடிந்தால் இவ்வளவு, சுவர் எழுந்தால் இவ்வளவு, கூரை போட்டால் இவ்வளவு எனப் பணம் படிப்படியாகப் போகும். தனி வீட்டை 24 மாதத்தில் ஒப்படைக்க வேண்டும்; தவறினால் நாள் கணக்கில் இழப்பீடு. கடைசி 5 விழுக்காட்டை வழக்கறிஞர் நடுவராக இருந்து பிடித்துவைத்திருப்பார். வீடு ஒப்படைத்த பின்பு குறித்த மாதங்கள் கழித்தே அதை விடுவிப்பார். அவ்வட்டவணையின் வாசகத்தை மேம்பாட்டாளர் தம் விருப்பம்போல் மாற்ற முடியாது. பின்னர், 10 விழுக்காடு முதலில், மீதி வீடு முடிந்தபின் என்ற முறைக்கும் தனி அட்டவணை சேர்ந்தது.

இங்கே சட்டம் செய்தது யாது? எழுதும் உரிமையை வலியவர் கையிலிருந்து எடுத்தது. வரிசையைத் தானே எழுதியது. இருவரும் ஒருவரையொருவர் நம்பாத இடத்தில் மூன்றாவது கையை நிறுத்தியது. பணம் கொடுத்து வீடு வாங்குபவர்க்கு இத்தனை காப்பு. பணத்திற்குப் பதிலாக, தாம் பிறந்த வீட்டையும் தம் தலைமுறைகளின் உழைப்பால் விலையேறிய நிலத்தையும் விட்டுக்கொடுத்து வீடு பெறுபவர்க்கு அத்தகைய அட்டவணை ஒன்றும் இல்லை. இருவரும் வீடு பெறுபவரே. இருவர் கொடுப்பதும் விலையே. ஒருவர் காகிதமாகக் கொடுக்கிறார். மற்றவர் கூரையாகக் கொடுக்கிறார்.

ஆகவே வேண்டுவது புதிய தத்துவம் அன்று. பழைய எடுத்துக்காட்டைப் புதிய இடத்திற்குக் கொண்டுவருவதே. தோட்ட நிலத்தை நகர நிலமாக மாற்ற அனுமதி தரும்போது மாநில அரசு மூன்று நிபந்தனைகளை விதிக்கலாம். தொழிலாளர் வீட்டுக்குரிய நிலம் முதலில் பிரித்துப் பதிவாதல் வேண்டும். வீட்டுச் செலவுக்கு ஈடான தொகை வங்கிப் பிணையாகவோ நடுவர் கையிலோ இருத்தல் வேண்டும். காலி செய்வதும் வீடு பெறுவதும் ஒரே நாளில், சாவிக்குச் சாவியாக நிகழ்தல் வேண்டும். இம்மூன்றாவது நிபந்தனை உடைமையாளரின் அச்சத்தையும் தீர்க்கும். புதிய சாவியைப் பெறுபவர் பழைய சாவியைத் தந்தே பெறுவார். தராதவர்க்குப் புதியதும் இல்லை. 52ஆம் பிரிவு சரக்குக்கும் விலைக்கும் சொன்னதை வீட்டுக்கும் வீட்டுக்கும் சொல்வதுதான் இது.

முன்பணம் கொடுத்த முதலாளி தம் பணத்தை இழந்துவிடக்கூடாதே என்று, சட்டம் ஒரு காலத்தில் தொழிலாளியின் உடலையே பிணையாகப் பிடித்துக் கொடுத்தது. பட்டு வணிகர் தம் சரக்கை இழந்துவிடக்கூடாதே என்று நீதிபதி கவலைப்பட்டார். முந்துபவன் ஏமாறக்கூடாது என்பது சட்டம் அறியாத உண்மையன்று. நன்றாக அறிந்த உண்மை. அவ்வுண்மை லயத்து வாசற்படி வரை வந்து, உள்ளே நுழையாமல் நிற்கிறது. அதை உள்ளே அழைத்துச் செல்வது சட்டமன்றத்தின் கடன். அதுவரை, "நீங்கள் முதலில்" என்று ஒருவர் சொல்லும்போது, "பிணை எங்கே?" என்று மற்றவர் கேட்பது பிடிவாதம் ஆகாது, அது ஒப்பந்தச் சட்டம் கற்றுக்கொடுத்த பாடமே ஆகும்.